மூன்றாம் முறை வென்ற பாட்டு

என் அன்புக் குட்டி விஞ்ஞானியே!

பாட்டு கேட்டால் நீ தலையாட்டுவாய். காலால் தாளம் போடுவாய். அதோடு நிற்க மாட்டாய். "இந்தச் சத்தம் எந்தக் கருவியிலிருந்து வருது? எப்படிப் பண்றாங்க?" என்று துளைத்துத் துளைத்துக் கேட்பாய். கேள் கண்ணே, நன்றாகக் கேள். கேள்வி கேட்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே சந்தோஷம்தான்.

இன்று உனக்கு ஒரு பாட்டின் கதையைச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் 'டேக் ஆன் மீ'. பாடியவர்கள் 'ஆ-ஹா' என்ற நார்வே நாட்டுக் குழுவினர். அந்தப் பாட்டு வெளிவந்தது, தோற்றது. மறுபடி வெளிவந்தது, மறுபடி தோற்றது. மூன்றாம் முறை வெளிவந்தபோது உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

மெட்டு அதே மெட்டுதான். அப்படியானால் எது மாறியது?

இது ஒரு நல்ல அறிவியல் கேள்வி. வா, நாம் இருவரும் சேர்ந்து துப்பு துலக்குவோம்.

மூன்று இளைஞர்கள்

மாக்னே ஃபுரூஹோல்மென், பால் வாக்தார். இந்த இருவரும் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் வளர்ந்த நண்பர்கள். மாக்னே கீபோர்டு வாசிப்பார். பால் கிட்டார் வாசிப்பார், பாட்டும் எழுதுவார். இருவரும் சேர்ந்து 'பிரிட்ஜஸ்' என்று ஒரு சின்னக் குழு வைத்திருந்தார்கள்.

மாக்னேவுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அந்த வயதிலேயே கீபோர்டில் ஒரு துள்ளலான இசைத்துண்டைக் கண்டுபிடித்தார். அதுதான் பிற்பாடு இந்தப் பாட்டின் தொடக்கம் ஆயிற்று. இருவரும் அதற்கு 'ஜூசி ஃப்ரூட் பாட்டு' என்று பெயர் வைத்தார்கள். ஜூசி ஃப்ரூட் என்பது ஒரு சூயிங்கம். விளம்பரப் பாட்டுக்கு உரிய குதூகலம் அந்த இசைத்துண்டில் இருந்ததால் இந்தப் பெயர்.

பிறகு மோர்ட்டன் ஹார்கெட் என்ற பாடகர் வந்து சேர்ந்தார். அவருக்கு அந்த மெட்டு மிகவும் பிடித்துப் போயிற்று. 1982இல் மூவரும் 'ஆ-ஹா' குழுவைத் தொடங்கினார்கள். பெரிய ஒலிப்பதிவுக் கம்பெனிகள் லண்டனில் இருந்தன. அதனால் அங்கே போனார்கள். கையில் பணம் அதிகம் இல்லை. மெட்டு மட்டும் கையில் இருந்தது. அதைத் திருத்தினார்கள். 'லெசன் ஒன்' என்று பெயர் மாற்றினார்கள். மறுபடியும் திருத்தி 'டேக் ஆன் மீ' ஆக்கினார்கள்.

அந்தக் காலத்து இசையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ராக் இசை ஒரு புதுத் திருப்பம் எடுத்தது. கிட்டாரும் டிரம்ஸும் முழங்கிய மேடையில் மின்னணு இசைக்கருவிகள் வந்து அமர்ந்தன. கேரி நியூமன், பிளாண்டி முதலான கலைஞர்கள் அதில் பெயர் பெற்றார்கள். அந்த இசைக்கு 'நியூ வேவ்' என்று பெயர். ஆ-ஹா இளைஞர்கள் அந்த அலையில் வந்தவர்கள்.

முதல் முயற்சி

1984இல் முதல் பதிவு வெளிவந்தது. டோனி மான்ஸ்ஃபீல்ட் என்பவர் அதைத் தயாரித்தார். ஆஸ்திரேலியாவில் உருவான 'ஃபேர்லைட்' என்ற கணினி இசைக்கருவியைக் கையாள்வதில் அவர் கெட்டிக்காரர். அந்தக் காலத்தில் அது மிக நவீனமான கருவி, விலையும் மிக அதிகம்.

சொந்த நாடான நார்வேயில் பாட்டு 3ஆம் இடம் வரை போயிற்று. பிரிட்டனில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மூவரும் சோர்ந்துபோனார்களா? வருத்தம் இருந்திருக்கும். ஆனால் மெட்டைத் தூக்கிக் குப்பையில் போடவில்லை. "மெட்டு நன்றாக இருக்கிறது. ஒலிதான் சரியாக அமையவில்லை" என்று நினைத்தார்கள்.

கவனித்தாயா? ஒரு விஷயம் தோற்றால் "எல்லாமே மோசம்" என்று சொல்வது சுலபம். "இதில் எந்தப் பகுதி சரியில்லை?" என்று கேட்பதுதான் கஷ்டம். கஷ்டமான அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டார்கள்.

ஆலன் டார்னி என்ற வேறொரு தயாரிப்பாளரிடம் போனார்கள். தாங்கள் முதலில் செய்துவைத்திருந்த மாதிரிப் பதிவில் ஒரு துடிப்பு இருந்தது. அந்தத் துடிப்பு வேண்டும் என்றார்கள். புதிய பதிவு உருவாயிற்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று இப்போது பிரித்துப் பார்ப்போம்.

கம்பி இல்லை, தோல் இல்லை, காற்று ஊதவும் இல்லை

வீணையில் கம்பி அதிர்கிறது. மிருதங்கத்தில் தோல் அதிர்கிறது. புல்லாங்குழலில் உள்ளே இருக்கும் காற்று அதிர்கிறது. அதிர்வு இல்லாமல் ஒலி இல்லை. இது உனக்குத் தெரியும்.

இந்தப் பாட்டில் ரோலண்ட் ஜூனோ-60 என்ற ஒரு கருவி இருக்கிறது. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1982இல் வெளியிட்டது. இதற்கு சின்தசைசர் என்று பெயர். 61 கட்டைகள் கொண்டது. ஒரே நேரத்தில் 6 சுரங்கள் வரை ஒலிக்கும். இதற்குள் கம்பியும் இல்லை, தோலும் இல்லை. அப்படியானால் எது அதிர்கிறது?

மின்சாரம்!

கருவிக்குள் இருக்கும் மின்சுற்று, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 440 முறை ஏறி இறங்கினால் ஒரு சுரம். 220 முறை என்றால் அதற்குக் கீழே இன்னொரு சுரம். ஒரு நொடியில் எத்தனை முறை என்ற இந்தக் கணக்குக்கு அதிர்வெண் என்று பெயர்.

அந்த மின் அதிர்வு கம்பி வழியாக ஒலிபெருக்கிக்குப் போகிறது. ஒலிபெருக்கியின் கூம்பு அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. காற்று உன் செவிப்பறையைத் தொடுகிறது. நீ "ஆகா!" என்கிறாய்.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் பெரிய ஒலிபெருக்கி இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, பாட்டு ஓடும்போது அதன் பெட்டிமேல் உள்ளங்கையை மெல்ல வைத்துப் பார். காது மட்டுமல்ல, கையும் உனக்குச் சேதி சொல்லும்.

இதுவரை புரிகிறதா? சரி, மேலே போவோம்.

மின்சாரம் அதிர்ந்தால் மட்டும் இனிமை வந்துவிடாது. கரகரவென்று ஒரு கூர்மையான சத்தம்தான் வரும். காரணம், நாம் கேட்கிற ஒரு சுரத்துக்குள் பல அதிர்வுகள் ஒளிந்திருக்கின்றன. 220 என்ற அதிர்வோடு 440, 660, 880 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். எந்த மடங்கு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வீணை வீணையாகவும் வயலின் வயலினாகவும் கேட்கிறது.

சின்தசைசரில் ஃபில்டர் என்று ஒரு பகுதி உண்டு. உயரமான மடங்குகளை அது வேண்டிய அளவுக்கு வெட்டிவிடும். அதிகம் வெட்டினால் ஒலி மென்மையாகும். குறைவாக வெட்டினால் பளிச்சென்று இருக்கும்.

இன்னொரு பகுதியும் இருக்கிறது. அதைச் சொல்ல உன் பள்ளிக்கூட மணியைத்தான் கூப்பிட வேண்டும்.

மணி அடிக்கும்போது கூர்ந்து கேட்டிருக்கிறாயா? சுத்தியல் பட்டதும் "டங்!" என்று சட்டென எழும். அடுத்த கணமே கொஞ்சம் குறையும். பிறகு "ங்ங்ங்..." என்று நீண்டு, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். எழுவது ஒரு வேகம், மறைவது இன்னொரு வேகம். யாராவது மணியைக் கையால் பிடித்துவிட்டால் ஒலி பட்டென நின்றுவிடும்.

ஒவ்வொரு ஒலிக்கும் இப்படி ஒரு பிறப்பும் இறப்பும் உண்டு. ஜூனோ-60இல் நான்கு சிறு நெம்புகள் இருக்கும். எவ்வளவு வேகமாக ஒலி எழ வேண்டும், எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும், கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகு எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும். இந்த நான்கையும் விரலால் மாற்றிக்கொள்ளலாம். அதே சுரம் ஒரு கணம் மணியாகும். நெம்பை நகர்த்தினால் நீண்ட பெருமூச்சாகும்.

'டேக் ஆன் மீ' தொடக்கத்தில் வரும் இசைத்துண்டைக் கேட்டுப் பார். ஒவ்வொரு சுரமும் சட்டென எழுந்து சட்டென விலகி, அடுத்த சுரத்துக்கு வழி விடுகிறது. அந்தத் துள்ளலுக்கு இதுதான் காரணம். சுரங்கள் மெல்ல எழுந்து மெல்ல மறைந்திருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பியிருக்கும்.

எண்களாகிவிட்ட டிரம்ஸ்

அடுத்து தாளம். இந்தப் பாட்டில் தாளத்தைப் பெரும்பாலும் வாசித்தது 'லின்டிரம்' என்ற இயந்திரம். ரோஜர் லின் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. 1982இல் வந்தது.

இதற்குள் நிஜ டிரம்ஸின் ஒலி இருக்கிறது. "உள்ளே டிரம்ஸ் எப்படிப் போகும்?" என்று கேட்பாய். ஒருவர் டிரம்ஸை அடிக்க, அந்த ஒலியை மைக் பிடிக்கிறது. ஒரு நொடியைப் பல்லாயிரம் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளந்து, அதை எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த எண்களை இயந்திரம் வரிசையாகப் படித்து, மீண்டும் ஒலியாக்கிவிடும். இன்று உன் வீட்டுக் கைபேசியில் பதிவாகும் குரலும் இந்த வழியில்தான் பதிவாகிறது.

ஒரு சிக்கலும் இருந்தது. அன்றைய நினைவகச் சில்லுகள் மிகச் சிறியவை. சிம்பல் என்ற பித்தளைத் தட்டை அடித்தால் "ஷ்ஷ்ஷ்" என்று வெகுநேரம் ஒலிக்கும். அத்தனை நீளத்தையும் எண்களாக்கினால் நிறைய இடம் பிடிக்கும். இந்தப் பாட்டில் நிஜமான சிம்பல்களையும் ஒருவர் வாசித்து, இயந்திரத் தாளத்தோடு சேர்த்தார்கள். இயந்திரம் பாதி, மனிதக் கை பாதி!

இப்போது ஒரு கணக்கு. இந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 169 தட்டுகள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? 60ஐ 169ஆல் வகுத்துப் பார். பார்த்துவிட்டாயா? 0.36 நொடிக்குச் சற்றே குறைவு. அவ்வளவு வேகம்! கேட்கிற கால் சும்மா இருக்குமா, சொல்லு.

குரல் ஏறும் படிகள்

இயந்திரங்களைப் பார்த்தோம். இந்தப் பாட்டின் மிகப் பெரிய அதிசயம் இயந்திரத்தில் இல்லை. மோர்ட்டன் ஹார்கெட்டின் தொண்டையில் இருக்கிறது.

உன் விரல்களைத் தொண்டையில் மெதுவாக வை. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனகு. அதிர்வு தெரிகிறதா? உள்ளே இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. வளர்ந்த ஆணுக்கு அவற்றின் நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் திறந்து மூடி, திறந்து மூடி அதிரவைக்கிறது.

இந்தப் பாட்டின் பல்லவி எங்கே தொடங்குகிறது தெரியுமா? நொடிக்கு 110 அதிர்வு. ஆண்குரலுக்கே நல்ல தாழ்ந்த இடம் அது. அங்கிருந்து படிப்படியாக ஏறி ஏறி, பல்லவி முடியும்போது நொடிக்கு ஏறத்தாழ 659 அதிர்வில் போய் நிற்கிறது. கிட்டத்தட்ட 6 மடங்கு! இத்தனையும் ஒரே பல்லவிக்குள்.

நீ பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளையா? அப்படியானால் உனக்கு இன்னும் நன்றாகப் புரியும். 110ஐ மந்தர ஸ்தாயி ச என்று வைத்துக்கொள். இரட்டிப்பாக்கினால் 220, அது நடு ஸ்தாயி ச. இன்னொரு முறை இரட்டிப்பாக்கினால் 440, அது தார ஸ்தாயி ச. அதற்கும் மேலே ஏறித் தாரப் பஞ்சமத்தைத் தொடுகிறார் மோர்ட்டன். சவுக்கும் பவுக்கும் உள்ள விகிதம் 2க்கு 3. 440ஐ ஒன்றரையால் பெருக்கு. 660! இன்றைய கீபோர்டுகளில் சுரங்களைச் சற்றே மாற்றிப் பங்கிட்டிருப்பதால் 659 ஆகிறது. சுரங்களுக்குள் கணக்கு ஒளிந்திருப்பது எத்தனை அழகு, பார்த்தாயா!

இத்தனை உயரம் எப்படிச் சாத்தியம்? தாழ்ந்த குரலில் பாடும்போது குரல் நாண்கள் தளர்ந்து, தடித்து, முழுதாக அதிரும். மேலே போகப் போக ஒரு தசை அவற்றை இழுத்து நீட்டும். நாண்கள் மெலிந்து இறுகும். மிக உயரத்தில் நாண்களின் மெல்லிய ஓரம் மட்டும் அதிரும். நம் சங்கீதக்காரர்கள் இதைக் கள்ளக்குரல் என்பார்கள். மோர்ட்டன் நிஜக்குரலில் தொடங்கி, நடுவில் எங்கேயோ கள்ளக்குரலுக்குத் தாவிவிடுகிறார். தாவிய இடம் உறுத்தாமல் பாடுவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

நீ இப்போதே கத்திப் பார்க்காதே! பழகாத தொண்டையை வருத்தினால் குரல் கட்டிக்கொள்ளும். தொண்டையில் விரலை வைத்து, மென்மையாக முனகி, தாழ்விலிருந்து மேலே போ. அதிர்வு மாறுவது விரலுக்கே தெரியும். இந்தச் சோதனை போதும்.

மறுபடியும் தோல்வி

ஒலி நன்றாக அமைந்துவிட்டது. குரல் அருமை. தாளம் துடிக்கிறது. 1985இல் டார்னியின் பதிவு பிரிட்டனில் வெளிவந்தது.

என்ன ஆயிற்று?

மறுபடியும் யாரும் வாங்கவில்லை!

இங்கே கொஞ்சம் நில், கண்ணே. அந்த இளைஞர்களின் இடத்தில் உன்னை வைத்துப் பார். இரண்டு தயாரிப்பாளர்கள், இரண்டு பதிவுகள், இரண்டு தோல்விகள். "இந்தப் பாட்டே வேண்டாம்" என்று விட்டுவிடத்தானே தோன்றும்?

ஆனால் இந்தக் குழுவின் பாட்டை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் இசைக் கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்காரர்கள் விடவில்லை. "பாட்டைக் காதால் கேட்டால் மட்டும் போதாது. கண்ணாலும் பார்க்கவைப்போம்" என்று முடிவு செய்தார்கள். அப்போது அமெரிக்காவில் எம்டிவி என்ற தொலைக்காட்சி இருந்தது. 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. நாள் முழுக்கப் பாட்டுப் படங்களைக் காட்டியது. இந்தப் பாட்டுக்கு முன்பே ஒரு படம் எடுத்திருந்தார்கள். நீலப் பின்னணியில் குழுவினர் நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். புதிதாக ஒன்று வேண்டும் என்று ஸ்டீவ் பேரன் என்ற இயக்குநரை அழைத்தார்கள்.

பென்சிலுக்குள் நடந்த மனிதன்

அந்தப் படத்தில் ஒரு பெண் தேநீர்க்கடையில் உட்கார்ந்து படக்கதைப் புத்தகம் படிக்கிறாள். பென்சிலால் வரைந்த கதாநாயகன் அவளைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறான். புத்தகத்திலிருந்து ஒரு பென்சில் கை நீள்கிறது. அவள் அந்தக் கையைப் பிடிக்கிறாள். அடுத்த கணம் அவளும் பென்சில் ஓவியமாகி, கதைக்குள் போய்விடுகிறாள்!

கதைக்குள்ளே ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்கு இந்தப் பக்கம் நின்றால் நிஜ மனிதன். அந்தப் பக்கம் போனால் பென்சில் கோடு. இருவரும் மாறி மாறி நிற்கிறார்கள். பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கும்.

இதை எப்படிச் செய்தார்கள்? இன்றைக்குக் கணினியில் சுலபமாகச் செய்துவிடலாம். 1985இல் கையால்தான் வரைந்தார்கள்.

முதலில் நடிகர்களை நிஜமாக நடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு ஓவியர் மைக்கேல் பேட்டர்சன் அந்தப் படச்சுருளின் ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்துக்கொண்டார். ஒரு சட்டம், அதன்மேல் ஒரு தாள், பென்சிலால் ஓர் ஓவியம். அடுத்த சட்டம், அடுத்த தாள், அடுத்த ஓவியம். கேன்டஸ் ரெக்கிங்கர் என்ற ஓவியர் அவரோடு சேர்ந்து உழைத்தார். மொத்தம் ஏறத்தாழ 3000 சட்டங்கள். வரைந்து முடிக்க 16 வாரங்கள் ஆயின!

இந்த முறைக்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். கார்ட்டூன் படங்கள் எடுத்த மாக்ஸ் ஃப்ளைஷர் என்ற அமெரிக்கர் இதைக் கண்டுபிடித்து 1917இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி கோமாளி உடையில் ஆட, அதைப் படம் பிடித்து, அதன்மேல் வரைந்து கார்ட்டூன் கோமாளியை உண்டாக்கினார்.

சரி, தனித்தனி ஓவியங்கள் ஏன் அசைவதாகத் தெரிகின்றன? நம் மூளையின் வேலை அது. ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 12 படங்களுக்கு மேல் வேகமாக மாறினால், மூளை அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிடும். ஒன்றோடொன்று இணைத்து, "அசைகிறது" என்று முடிவு கட்டிவிடும். சினிமாவில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அதனால்தான் அசைவு அத்தனை வழவழப்பாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனி. இந்தப் படத்தில் பென்சில் கோடுகள் ஒரு நிலையில் நிற்காது. நடுங்கிக்கொண்டே, கொதித்துக்கொண்டே இருக்கும். காரணம் உன்னாலேயே சொல்ல முடியும். யோசி.

சபாஷ்! கையால் வரையும்போது ஒரு தாளில் உள்ள கோடு அடுத்த தாளில் அச்சு மாறாமல் அதே இடத்தில் விழாது. மயிரிழை தள்ளி விழும். அந்தச் சின்ன வித்தியாசம் எல்லாம் சேர்ந்துதான் நடுக்கமாகத் தெரிகிறது. அந்த நடுக்கம்தான் படத்துக்கு உயிர் கொடுத்தது.

உலகம் திரும்பிப் பார்த்தது

எம்டிவி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியது. பார்த்தவர்கள் கடைக்கு ஓடினார்கள். 1985 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் பாட்டு முதலிடத்தைப் பிடித்தது. நார்வே நாட்டவர் யாரும் அதுவரை அந்த இடத்தைத் தொட்டதில்லை. முன்பு திரும்பிப் பார்க்காத பிரிட்டனிலும் 2ஆம் இடம் வரை ஏறியது. 1986இல் எம்டிவி விருதுகள் கொடுத்தபோது இந்தப் படம் 6 விருதுகளை அள்ளியது.

இன்றும் அந்த மவுசு குறையவில்லை. 2020 பிப்ரவரியில் யூடியூபில் இந்தப் படம் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

2017இல் ஆ-ஹா குழுவினர் இன்னொரு சோதனையும் செய்தார்கள். நார்வேயின் கிஸ்கே தீவில் ஒரு கச்சேரி நடத்தினார்கள். அந்தத் துள்ளல் இல்லை. வேகம் வெகுவாகக் குறைந்தது. அதே மெட்டை அமைதியாக, நிதானமாகப் பாடினார்கள். குதிக்கவைத்த பாட்டு இப்போது மனதை உருக்கியது. வேகத்தையும் ஒலியையும் மாற்றினால் ஒரே மெட்டு வேறு உணர்ச்சியைத் தருகிறது என்று தெரிந்துகொண்டோம்.

அப்படியானால் விடை என்ன?

"படம்தான் பாட்டை ஜெயிக்கவைத்தது!" என்று கத்த வாயெடுத்துவிட்டாய், இல்லையா? பொறு, பொறு. நல்ல விஞ்ஞானி அவசரப்பட மாட்டான்.

நாம் தெரிந்துகொண்டதை வரிசையாக வைப்போம். 1984இல் ஓர் ஒலிப்பதிவு தோற்றது. 1985இல் புதிய ஒலிப்பதிவு, அதுவும் தோற்றது. பிறகு அதே ஒலிப்பதிவு படத்தோடு வந்தது, வென்றது. அதனால் "புதிய ஒலி மட்டுமே போதும்" என்று சொல்ல முடியாது. இது நிச்சயம்.

ஆனால் படம் வந்த அதே நேரத்தில் இன்னொன்றும் மாறியது. அமெரிக்கக் கம்பெனி இந்தக் குழுவுக்காக முன்பைவிட அதிகம் செலவழித்தது, அதிகம் பாடுபட்டது. இரண்டு விஷயங்கள் ஒன்றாக மாறினால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். படம் பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பக்கமும் யோசி. மெட்டே மோசமாக இருந்திருந்தால், 3000 ஓவியங்கள் வரைந்தும் 100 கோடி முறை யாரும் கேட்டிருப்பார்களா? மாட்டார்கள். நல்ல மெட்டு, அதற்குப் பொருந்திய ஒலி, அதைக் கொண்டு சேர்க்க ஒரு வழி. மூன்றும் கூடிவந்தபோதுதான் பாட்டு வென்றது. இதுதான் என் தீர்ப்பு.

இப்போது உன் முறை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடு. பக்கங்களின் வலது மூலையில் ஒரு பந்தை வரை. அடுத்த பக்கத்தில் அதே பந்து, ஒரு நூல் அளவு மேலே. இப்படியே 24 பக்கங்கள். கட்டைவிரலால் விர்ரென்று புரட்டு. பந்து எழும்பாவிட்டால் கோபித்துக்கொண்டு கிழித்துப் போடாதே. பக்கத்துக்குப் பக்கம் பந்து நகரும் தூரத்தை மட்டும் மாற்றி வரைந்து பார். அப்போதும் சரிவராவிட்டால், தூரத்தை அப்படியே விட்டுவிட்டு, புரட்டும் வேகத்தை மட்டும் மாற்று. ஒவ்வொரு முறையும் எதை மாற்றினாய், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி வை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இதை மட்டும் மறக்காதே, என் செல்லமே.